ஒற்றைக் கண் ஆட்டுக்குட்டி, கொம்பு முளைத்த முயல், வெளுக்கும் குதிரை: தோல் புற்றுநோய் ரகசியம் சொன்ன விலங்குகளைத் தெரியுமா?

சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் பாலித்தீன் பையில் ஜோடி ஜோடியாகக் கட்டிக் கொடுப்பார்களே, பிளாட்டி, ஸ்வார்டு டெயில்! அந்தக் குட்டி மீன்கள் கிட்டத்தட்ட நூறு வருடமாகத் தோல் புற்றுநோய் ஆய்வுக்கூடங்களில் நீந்திக்கொண்டிருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியுமா?

இரண்டும் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து மீன்கள். தனித்தனியாக இருக்கும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. 1920களின் கடைசியில் அமெரிக்காவில் மைரன் கார்டனும், ஜெர்மனியில் கர்ட் காஸ்விக்கும் இந்த இரண்டு இனங்களையும் கலந்து பார்த்தார்கள். பிளாட்டியின் உடம்பில் சின்னதாக இருந்த கறுப்புப் புள்ளி, கலப்புக் குட்டிகளின் உடம்பில் பெரிய திட்டாகப் பரவியிருந்தது! அந்தக் கலப்பு மீனை மறுபடியும் ஸ்வார்டு டெயிலோடு சேர்த்தால் என்ன ஆகும்? பிறக்கும் குட்டிகளில் பாதிக்கு ஒன்றுமே இல்லை. கால் பங்குக்கு ஆபத்தில்லாத கறுப்புத் திட்டு. மீதிக் கால் பங்குக்கு, ஆளைக் கொல்லும் அதே மெலனோமா!

ரசாயனம் தடவவில்லை. கதிர் பாய்ச்சவில்லை. கல்யாணம் மட்டும்தான் நடந்தது! புற்றுநோய் மரபணு வழியாகவும் வரலாம் என்பதற்கு அவ்வளவு ஆரம்ப காலத்திலேயே கிடைத்த நேரடிச் சாட்சி இது.

காரணம் என்ன தெரியுமா? பிளாட்டியிடம் புற்றைத் தூண்டும் ஒரு மரபணுவும் இருக்கிறது, அதை அடக்கி வைக்கும் இன்னொரு மரபணுவும் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு குரோமோசோம்களில்! கலப்பு நடக்க நடக்க அடக்குவது கைநழுவிப் போகிறது, தூண்டுவது மட்டும் தங்கிவிடுகிறது. அந்தத் தூண்டும் மரபணுவைக் கையும் களவுமாகப் பிடித்தது 1989இல்தான். அறுபது வருடத் தேடல்!

காஸ்விக் 1937இல் நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறி, இஸ்தான்புல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். கார்டன் 1939இல் ஆரம்பித்த மீன் சேமிப்பகம் இன்றும் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. அங்கே இருக்கும் ஒரு பிளாட்டி வம்சம் நூறு தலைமுறைக்கும் மேல் தன் சொந்தத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்து வந்தது. 2013இல் முழு மரபணுத் தொகுதியும் வாசிக்கப்பட்ட பிளாட்டி அந்த வம்சத்து மீன்தான்!

மெலனோமா என்றால்?

தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்று. தோல் புற்றுநோய்களில் இது எண்ணிக்கையில் குறைவு, கொடுமையில் அதிகம். 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3,25,000 பேருக்குப் புதிதாக வந்தது. சுமார் 57,000 பேர் இறந்தார்கள். இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கீழே வரும் விலங்குகளில் பலவும் தோல் புற்று வரும் மனிதர்களுக்காகத்தான் ஆய்வுக்கூடத்துக்கு வந்தன!

முயலின் காதில் தார்!

புகைபோக்கி துடைக்கும் பையன்களுக்கு விதைப்பை தோலில் புற்று வருகிறது, கரிப்புகைதான் காரணம் என்று லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775இலேயே சொல்லிவிட்டார். சோதனை செய்து நிரூபிக்க எத்தனை வருடம் ஆனது தெரியுமா? 140 வருடம்!

நிரூபித்தவர்கள் ஜப்பானியர்கள். டோக்கியோவில் காட்சுசாபுரோ யாமாகிவாவும் கோயிச்சி இச்சிகாவாவும் முயல்களின் காதில் நிலக்கரித் தாரைப் பூசினார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப! அதற்கு முன்னால் முயன்றவர்கள் எல்லாம் பாதியிலேயே கைவிட்டுவிட்டார்கள். இவர்கள் விடவில்லை. 1915இல் காதில் அசல் புற்றே முளைத்தது! சந்தோஷத்தில் யாமாகிவா ஒரு ஹைக்கூவே எழுதினாராம்.

நோபல் பரிசு? கிடைக்கவில்லை! ஒட்டுண்ணிப் புழுவால் எலிக்குப் புற்று வருகிறது என்று சொன்ன டென்மார்க்கின் யோஹானஸ் ஃபிபிகருக்கு 1926ஆம் ஆண்டுப் பரிசு போனது. அந்தப் புழுக் கதை பிறகு தவறு என்று தெரிந்தது. யாமாகிவாவின் தார் இன்றும் நிற்கிறது. எனக்கு இது ஆறாத வருத்தம்.

அந்தத் தாருக்குள் இருக்கும் குற்றவாளி யார்? லண்டனில் எர்னஸ்ட் கென்னவே குழுவினர் இரண்டு டன் நிலக்கரித் தார்க் கசடைக் காய்ச்சி, வடித்து, பிரித்துப் பிரித்துத் தேடினார்கள். இரண்டு டன்! கையில் மிஞ்சியது கொஞ்சம் மஞ்சள் படிகம். அதன் பெயர் பென்சோபைரீன், வருடம் 1933. சிகரெட் புகையிலும் இருக்கிறதே, அதேதான்! பிரித்த பகுதிகளில் எது விஷம் என்று காட்டிக்கொடுத்தது சுண்டெலியின் தோல்.

முயலுக்குக் கொம்பு முளைக்குமா?

முளைக்கும்! அமெரிக்கக் காட்டு முயல்களின் தலையிலும் முகத்திலும் கறுப்பாக, கெட்டியாக, கொம்பு போலவே வளரும். வேட்டைக்காரர்கள் சொன்ன கதையைக் கேட்டு ரிச்சர்ட் ஷோப் என்ற விஞ்ஞானி அந்தக் கொம்பை வாங்கினார், அரைத்தார், பாக்டீரியாகூட நுழைய முடியாத வடிகட்டியில் வடித்தார். வடிந்த நீரை வேறு முயலின் தோலில் தேய்த்தார். அதற்கும் கொம்பு! 1933இல் ஷோப் கண்டுபிடித்தது ஒரு வைரஸ்.

அதே வைரஸ் வீட்டு முயலின் தோலுக்குப் போனால் மருவோடு நிற்பதில்லை, புற்றாகவே மாறிவிடுகிறது என்று பெய்ட்டன் ரௌஸ் காட்டினார். இந்த ரௌஸ் யார் தெரியுமா? கோழிக்குப் புற்று உண்டாக்கும் வைரஸை 1911இல் கண்டுபிடித்துவிட்டு, நோபல் பரிசுக்கு 1966 வரை காத்திருந்தவர்! கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு இன்று தடுப்பூசி போடுகிறோமே, அந்த வைரஸும் முயல் கொம்பு வைரஸும் ஒரே குடும்பம்!

நம்ம ஊர் நேர்வாளம்!

சித்த மருத்துவத்தில் சுத்தி செய்யாமல் தொடவே கூடாது என்பார்களே, அந்த நேர்வாளம்! கடும் பேதிக்குப் பெயர்போன கொட்டை. புற்றுநோய் எத்தனை கட்டமாக உருவாகிறது என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது அதன் எண்ணெய்தான் என்றால் நம்புவீர்களா?

1940களில் ஆக்ஸ்ஃபோர்டில் ஐசக் பெரன்பிளம் சுண்டெலியின் முதுகில் புற்று ரசாயனத்தை ஒரே ஒரு தரம் மட்டும் தடவினார். ஒன்றும் ஆகவில்லை. அதன்மேல் நேர்வாள எண்ணெயைத் திரும்பத் திரும்பத் தடவினார். கட்டி கட்டியாக முளைத்தது! வரிசையை மாற்றி எண்ணெயை முதலில் தடவினால்? கட்டி இல்லை! இடையில் மாதக்கணக்கில் இடைவெளி விட்டால்? அப்போதும் கட்டி வந்தது! முதல் தடவலின் தழும்பைச் செல்கள் மறக்கவே இல்லை. முதலில் ஒன்று விதைக்கிறது, பிறகு வேறொன்று வளர்க்கிறது. இந்தப் பாடத்தை இன்றும் அதே சுண்டெலி முதுகில்தான் படிக்கிறார்கள். எண்ணெய்க்குப் பதில் அதிலிருந்து பிரித்தெடுத்த வேதிப்பொருள், அவ்வளவுதான் மாற்றம்.

வாழ்நாளில் ஒரே ஒரு வெயில் கொப்புளம்!

பிறந்து மூன்றரை நாளே ஆன சுண்டெலிக் குஞ்சு. மெலனோமாவுக்கு வாகாக ஒரு மரபணு மட்டும் கூட்டி வைத்த இனம். தோல் கன்றும் அளவுக்குப் புற ஊதாக் கதிரை ஒரே ஒரு தடவை காட்டினார்கள். வளர்ந்த பிறகு மெலனோமா! அதே இனத்து வளர்ந்த எலிக்கு அதே கதிரை ஒரு தடவை காட்டினால்? வரவில்லை! அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக் குழுவின் இந்த முடிவு 2001இல் 'நேச்சர்' இதழில் வந்தது. வெள்ளைத்தோல் குழந்தைகள் சின்ன வயதில் வெயிலில் கொப்புளிப்பது பின்னால் ஆபத்து என்று மருத்துவர்கள் ரொம்ப நாளாகச் சந்தேகப்பட்டதற்கு எலி தந்த பதில் அது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. நமக்கு நிறமிச் செல்கள் மேல்தோலின் அடி வரிசையில் பரவலாக இருக்கின்றன. எலிக்கோ பெரும்பாலும் ரோமக்காலுக்குள் ஒளிந்திருக்கின்றன! அதனால்தான் எலியின் தோலை மனிதத் தோல்போல மாற்ற, மேல்தோலிலேயே நிறமிச் செல்கள் தங்கும்படி மரபணுவைத் திருத்திய எலிகளைத் தனியாக உருவாக்க வேண்டியிருந்தது.

செம்பட்டை எலிக்கு வெயிலே வேண்டாம்!

செம்பட்டை முடிக்காரர்களுக்கு மெலனோமா அதிகம். வெயிலைத் தாங்காத தோல், அதனால் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2012இல் பாஸ்டனில் டேவிட் ஃபிஷர் குழு செம்பட்டை எலிகளைப் புற ஊதாக் கதிரே படாமல் வளர்த்தது. மனித மெலனோமாக்களில் கிட்டத்தட்டப் பாதியில் காணப்படும் 'பி-ராஃப்' மரபணுப் பிழையை அவற்றுக்கு ஊட்டினார்கள். ஒரு வருடத்துக்குள் பாதிக்கும் மேற்பட்ட எலிகளுக்கு மெலனோமா! சூரியனே இல்லாமல்! நிறமியே இல்லாத வெள்ளை எலிகளோ தப்பித்துக்கொண்டன. சிவப்பு நிறமியைத் தயாரிப்பதே செல்லுக்குக் கேடாக இருக்கிறது என்பதுதான் அதன் பொருள்!

சேலத்து மருந்துக்கூர்க்கன் எலியைக் கறுப்பாக்கியது தெரியுமா?

இதே ஃபிஷர் குழுவின் முந்தைய கதை இன்னும் சுவை. சேலம் பக்கம் ஒப்பந்த முறையில் பயிரிடுகிறார்களே, மருந்துக்கூர்க்கன்! அதன் கிழங்கிலிருந்து எடுப்பது ஃபோர்ஸ்கோலின். 2006இல் இதை வெளிர்த்தோல் எலிகளின் முதுகில் தடவினார்கள். வெயிலே படாமல் சில நாளில் தோல் கறுத்துவிட்டது! பூச்சு இல்லை, சாயம் இல்லை, தோலே தன் சொந்த மெலனினைச் சுரந்து கறுத்தது. பிறகு புற ஊதாக் கதிர் காட்டினால், தடவாத எலிகளைவிடக் கட்டிகள் குறைவு!

மனிதனுக்குத் தடவலாமா? அங்கேதான் இடித்தது. நம் தோல் தடிப்பு, மருந்து உள்ளே இறங்கவில்லை. பதினோரு வருடம் கழித்து, 2017இல், வேறொரு சின்ன மூலக்கூறை உருவாக்கி, ஆய்வுக்கூடத்தில் உயிரோடு வைத்திருந்த மனிதத் தோல் துண்டின்மேல் தடவினார்கள். அது கறுத்தது!

ஒரே ஒரு செல் போதுமா?

போதும்! எதிர்ப்புச் சக்தியே இல்லாத எலியின் உடலில் மனித மெலனோமா செல் ஒன்றே ஒன்றைச் செலுத்தினார்கள். ஏறக்குறைய நாலில் ஒரு செல் தனியாளாகக் கட்டி கட்டிவிட்டது! மிச்சிகன் பல்கலைக்கழகம், 2008. புற்றை வளர்க்கும் திறன் லட்சத்தில் ஒரு செல்லுக்குத்தான் உண்டு என்ற நம்பிக்கை அன்றோடு ஆட்டம் கண்டது.

1954ஆம் வருடத்துக் கட்டி இன்னும் உயிரோடு!

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ஜாக்சன் ஆய்வகத்தில் ஒரு கறுப்புச் சுண்டெலியின் காதடியில் தானாக ஒரு கட்டி வந்தது. 'பி-16' என்று பெயர் வைத்தார்கள். அந்த எலி செத்து எத்தனையோ பத்தாண்டு ஆகிவிட்டது. செல்கள் மட்டும் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டே இருக்கின்றன! 1973இல் ஐசையா ஃபிட்லர் இதை எலிக்குள் செலுத்தி, நுரையீரலுக்குப் பரவிய செல்களை எடுத்து, மறுபடி செலுத்தி, மறுபடி எடுத்து, இப்படிப் பத்துச் சுற்று செய்தார். முன்னைவிடப் பல மடங்கு வேகமாக நுரையீரலைப் பிடிக்கும் வகை கிடைத்தது! புற்று பரவுவது தற்செயல் இல்லை, அதற்கென்றே தேறிய செல்கள் இருக்கின்றன என்று தெரிந்தது.

இந்தக் கட்டி பிடிவாதமானதும்கூட. 1994 கடைசியில் ஜேம்ஸ் ஆலிசன் குழு, நோய் எதிர்ப்புச் செல்களின் 'பிரேக்'கை விடுவிக்கும் எதிர்பொருளை வேறொரு கட்டி உள்ள எலிகளுக்குக் கொடுத்தது. கட்டி கரைந்தது! நம்ப முடியாமல் கிறிஸ்துமஸ் விடுமுறையிலேயே மறுபடி செய்தார்கள். மறுபடியும் கரைந்தது! ஆனால் பி-16 அசையவே இல்லை. எதிர்பொருளோடு தடுப்பூசியும் சேர்த்துக் கொடுத்த பிறகே மசிந்தது. அந்த வழியில் வந்த இபிலிமுமாப் 2011இல் முற்றிய மெலனோமாவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முற்றிய மெலனோமா நோயாளிகளின் ஆயுளை நீட்டியதாக நிரூபிக்கப்பட்ட முதல் மருந்து அது! 2018இல் ஆலிசனுக்கும் ஜப்பானின் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் நோபல் பரிசு.

வெள்ளைக் குதிரை உண்மையில் வெள்ளையா?

இல்லவே இல்லை! வியன்னாவின் ஸ்பானிஷ் சவாரிப் பள்ளியில் பால் வெள்ளையாக நடனமாடும் லிப்பிசானர் குதிரைகள் பிறக்கும்போது கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கும். ஆறேழு வயதுக்குள் வெளுத்துவிடும். தோல் மட்டும் கடைசிவரை கறுப்பு!

இந்த அழகுக்கு ஒரு விலை உண்டு. 15 வயது தாண்டிய வெளுத்த குதிரைகளில் 70 முதல் 80 சதவீதத்துக்கு மெலனோமா! அதுவும் எங்கே? வெயில் படாத வாலடியில்! கறுப்பாக, உருண்டை உருண்டையாக, கொத்துக் கொத்தாக. பல குதிரைகள் அதோடு வருடக்கணக்கில் வாழ்ந்துவிடுகின்றன.

2008இல் ஸ்வீடனின் உப்சாலாவில் லெய்ஃப் ஆண்டர்சன் குழு 800க்கும் மேற்பட்ட குதிரைகளின் மரபணுவைச் சோதித்தது. 4,600 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு இரண்டு தடவை எழுதப்பட்டிருந்தது. வெளுத்த குதிரை அத்தனையிலும் அதே பிழை, அதே இடத்தில்! அப்படியென்றால் உலகத்து வெளுக்கும் குதிரைகள் எல்லாமே பல ஆயிரம் வருடத்துக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு மூதாதையின் வாரிசுகள்!

2024இல் வந்த சேதி இன்னும் வியப்பு. துண்டு இரண்டு பிரதி இருந்தால் குதிரை மெதுவாக வெளுக்கும், புற்று ஆபத்தும் குறைவு. மூன்று பிரதி இருந்தால் வேகமாக வெளுக்கும், புற்றும் அதிகம். ஒரே ஒரு பிரதி வித்தியாசம்!

தானே மறையும் புற்று!

அமெரிக்காவின் சின்க்ளேர் குட்டிப்பன்றி, செக் நாட்டு லிபெகோவ் குட்டிப்பன்றி. சில குட்டிகள் பிறக்கும்போதே மெலனோமாவோடு பிறக்கின்றன! ஆனால் பெரும்பாலான பன்றிகளில் கட்டி தானாகவே சுருங்கி மறைந்துவிடுகிறது. மருந்து? கிடையாது! கட்டி போகும்போது கறுப்புத் தோலும் ரோமமும் வெண்திட்டாக வெளுக்கின்றன. பன்றியின் எதிர்ப்புச் சக்தி புற்றைத் துரத்தும் வேகத்தில், நல்ல நிறமிச் செல்களையும் சேர்த்து அழித்துவிடுகிறது. எதிர்ப்புச் சக்தி மருந்து வேலை செய்யும் மெலனோமா நோயாளிகள் சிலருக்கும் உடம்பில் வெண்திட்டு வருகிறது! பன்றியின் தோல் தடிப்பிலும் அமைப்பிலும் எலியைவிட நமக்கு எவ்வளவோ நெருக்கம். பன்றியை இன்னும் அதிகமாகக் கவனிக்க வேண்டும் என்பது என் ஆசை.

விளக்கைப் போட்டால் தோல் ஆறும்!

பிரேசில், பொலிவியா பக்கம் ஒரு குட்டி ஒப்போசம் இருக்கிறது. உள்ளங்கை அளவு. கங்காருவைப் போலப் பைப்பாலூட்டி வகைதான், ஆனால் வயிற்றில் பை இல்லை! 14 நாளில் குட்டி போட்டுவிடும். மரபணுத் திருத்தம் இல்லாமல், ரசாயனம் இல்லாமல், வெறும் புற ஊதாக் கதிரிலேயே இதற்கு மெலனோமா வருகிறது. பாலூட்டிகளில் இப்படி வருவது அபூர்வம்!

அதைவிட அதிசயம் அடுத்தது. கதிர் பட்டவுடனே சாதாரண வெளிச்சத்தில் வைத்தால், தோல் தன் டி.என்.ஏ. சேதத்தைத் தானே சரிசெய்துகொண்டு கட்டிகளைக் குறைத்துவிடுகிறது! வெளிச்சத்தில் இயங்கும் ஃபோட்டோலையேஸ் என்ற நொதி செய்யும் வேலை. மீனுக்கு உண்டு, தவளைக்கு உண்டு, செடிக்கும் உண்டு. நமக்கு? இல்லை! பரிணாமப் பாதையில் எங்கோ தொலைத்துவிட்டோம். ஆஸ்திரேலியாவின் பொட்டரூ என்ற குட்டிக் கங்காருவின் அந்த மரபணுவை நெதர்லாந்து விஞ்ஞானிகள் எலிக்குப் பொருத்தினார்கள். எலி தோல் புற்றிலிருந்து பெரிய அளவுக்குத் தப்பியது!

ஒரே மீன், எதிரெதிர்த் தீர்ப்பு!

நம் பழைய பிளாட்டி கலப்பு மீனை வைத்து 1993இல் ரிச்சர்ட் செட்லோ ஒரு குண்டு போட்டார்: தோலைச் சுடாத, நீண்ட அலை 'ஏ' வகைப் புற ஊதாக் கதிரும் மெலனோமா உண்டாக்கும்! சன்ஸ்கிரீன் உலகமே அதிர்ந்தது. 2010இல் அதே வகை மீன்களை இன்னும் அதிக எண்ணிக்கையில் வைத்து மறுபடி செய்து பார்த்தார்கள். 'பி' வகைக் கதிர் உண்டாக்கியது. 'ஏ' வகை உண்டாக்கவில்லை! இரண்டாவது சோதனை செய்தவர்களுக்கு நான் கூடுதலாக ஒரு வணக்கம் வைப்பேன்.

உள்ளே எல்லாம் தெரியும் மீன்!

நம் நாட்டு ஓடைகளிலும் வயல்களிலும் நீந்தும் வரிமீன், அதாவது ஜீப்ரா மீன். மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு அதனிடம் இணை உண்டு! 2008இல் பாஸ்டனில் லெனார்டு சான் ஆய்வகம் நிறமியே இல்லாத வகையை வளர்த்தது. பளிங்கு உடம்பு! இதயம் துடிப்பது தெரியும், முட்டை தெரியும், உள்ளே செலுத்திய மெலனோமா செல் எங்கே போகிறது என்பதும் தெரியும்! கார்ட்டூன் பேயின் பெயரையே வைத்தார்கள்: காஸ்பர்.

2016இல் அதே ஆய்வகம் இன்னொன்றைச் செய்தது. கருவில் மட்டும் விழித்திருந்து பிறகு தூங்கிவிடும் ஒரு மரபணு மறுபடி விழித்தால் பச்சையாக ஒளிரும்படி மீனை அமைத்தார்கள். புற்றுப் பிழை சுமக்கும் நிறமிச் செல்கள் ஆயிரமாயிரம். பச்சையாக ஒளிர்ந்ததோ எங்கோ ஒன்றே ஒன்று! அந்த ஒற்றைச் செல் நாளடைவில் கட்டியாக வளர்ந்தது. புற்று பிறக்கும் முதல் செல்லை உயிருள்ள உடலில் கண்ணால் பார்த்தார்கள்!

கோழி முட்டைக்குள் மனிதப் புற்று!

நிறமிச் செல்கள் கருவில் முதுகுத்தண்டுப் பக்கம் பிறந்து, நடந்தே தோலுக்கு வருபவை. அமெரிக்காவில் பால் குலேசா குழு மனித மெலனோமா செல்களைக் கோழிக்கருவின் அந்தப் பிறப்பிடத்தில் வைத்தது. என்ன செய்தன தெரியுமா? கட்டி கட்டவில்லை! கோழியின் செல்களோடு சேர்ந்து, கோழியின் பாதையிலேயே நடந்து போயின! 2006இல் வந்த இந்த முடிவை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

நாய்க்கு மனித மரபணுத் தடுப்பூசி!

நாய்களுக்கு வாய்க்குள் வரும் மெலனோமா பொல்லாதது. நிறமி தயாரிக்கும் மனித நொதியின் மரபணுவை ஊசியாகப் போட்டார்கள். நாயின் நொதிக்கும் நம் நொதிக்கும் சின்ன வித்தியாசம், அதனால் நாயின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்ளும்! 2007இல் அமெரிக்காவில் தற்காலிக உரிமம், 2010இல் முழு உரிமம். பலன் எவ்வளவு என்று கால்நடை மருத்துவர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

கடலுக்குள்ளும்!

ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டில் 136 பவளத் திரவுட் மீன்களைப் பிடித்துப் பார்த்தார்கள். 15 சதவீதத்தின் உடம்பில் கறுப்புத் திட்டு. சோதித்தால் மெலனோமா! 2012இல் வெளியான சேதி. ஆய்வகத்துக்கு வெளியே, திறந்த கடலில்!

ஈயும் ஆடும் சேர்ந்து கொடுத்த மாத்திரை!

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய அதிசயம் இதுதான்!

1957. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம். ஆடு மேய்ப்பவர்கள் அரசு வேளாண் துறைக்கு ஓடி வந்தார்கள். குட்டிகள் நெற்றி நடுவில் ஒற்றைக் கண்ணோடு பிறக்கின்றன! பிறந்தவை பிழைக்கவும் இல்லை. பரம்பரைக் கோளாறா? இல்லை. நோயா? இல்லை. விஞ்ஞானிகள் மலை மேய்ச்சலில் இருந்த செடிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். பத்தாண்டு! கடைசியில் மாட்டியது கார்ன் லில்லி என்ற மலைச்செடி. சினை பிடித்த 14ஆம் நாள் அதை மேய்ந்த தாய்க்குத்தான் ஒற்றைக் கண் குட்டி! ஒரு நாள் கணக்கு! செடியின் விஷத்துக்குக் கிரேக்கப் புராணத்து ஒற்றைக் கண் அரக்கர்களின் பெயரைச் சேர்த்து சைக்ளோபமின் என்று பெயரிட்டார்கள். விஷம் எப்படி வேலை செய்கிறது என்பது மட்டும் புரியவே இல்லை.

இதை அப்படியே வைத்துவிட்டு ஈயிடம் வாருங்கள். 1980. ஜெர்மனியின் ஹைடல்பர்கில் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-வோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் பழ ஈயின் மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பார்த்தார்கள். ஒன்று கெட்டால் புழுவின் உடம்பு முழுக்க முள் முள்ளாக இருந்தது. அதற்கு முள்ளெலி என்றே பெயர் வைத்தார்கள்! 1995இல் இருவருக்கும் நோபல் பரிசு. நமக்கும் எலிக்கும் இருக்கும் அதே குடும்பத்து மரபணு ஒன்றுக்கு வீடியோ கேம் முள்ளெலியான சோனிக்கின் பெயர்!

1996இல் இரண்டு சேதிகள். சோனிக் மரபணு இல்லாத எலிக்கருவுக்கு முகத்தில் என்ன கோளாறு தெரியுமா? ஒற்றைக் கண்! அதே வருடம், சின்ன வயதிலிருந்தே நூற்றுக்கணக்கில் அடித்தோல் புற்று வரும் ஒரு பரம்பரை நோயின் காரணம் தெரிந்தது. முள்ளெலி மரபணு அனுப்பும் சமிக்ஞையை அடக்கும் மரபணு அந்த நோயாளிகளிடம் பழுது! அடித்தோல் புற்றுதான் மனிதருக்கு மிக அதிகமாக வரும் தோல் புற்று என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

முடிச்சு அவிழ்ந்தது. சமிக்ஞை குறைந்தால் ஒற்றைக் கண். எகிறினால் புற்று! அப்படியானால் ஐடஹோ செடியின் விஷம் எதை அடைக்கிறது? 1998இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஃபிலிப் பீச்சி குழு காட்டியது: முள்ளெலிச் சமிக்ஞையைத்தான்!

மேய்ப்பர்கள் முறையிட்டு 55 வருடம் கழித்து, 2012 ஜனவரி 30. அறுவை செய்ய முடியாத அல்லது பரவிவிட்ட அடித்தோல் புற்றுக்கு விஸ்மோடெகிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. செடியின் விஷம் எந்தப் புரதத்தைப் பிடிக்குமோ, அதே புரதத்தைப் பிடிக்கும் புது மருந்து!

அந்த மாத்திரையின் குறிப்பேட்டில் கறுப்புக் கட்டம் கட்டி என்ன எச்சரிக்கை போட்டிருக்கிறது தெரியுமா? கருவில் இருக்கும் குழந்தைக்கு உயிராபத்து, கடும் பிறவிக் குறை! கர்ப்பிணிகள் சாப்பிடவே கூடாது. சாப்பிடும் ஆண்கள் ஆணுறை இல்லாமல் உறவு கொள்ளக் கூடாது. மருந்தை நிறுத்தியும் மாதக்கணக்கில் யாரும் ரத்த தானம் செய்யக் கூடாது!